நான் விட்டு வாசித்த வரி

அக்கா பீடத்தில் ஏறி வாசிக்கிற நாட்களில் எனக்குக் காலையில் ஒரு வாய் காப்பிகூட இறங்காது. மாதா கோயிலின் கடைசி பெஞ்சில், எழுந்து ஓடத் தோதாக வாசல் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி வேர்வையில் நனைத்துவிடுவேன். எனக்கும் அந்தக் கோயிலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் போலகத்துக்காரி. நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம், அய்யனார்தான் எங்களுக்குச் சாமி. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததால் தலத்தெருவில், நான் அக்கா என்று கூப்பிடுகிற இவர் வீட்டு மாடிக்குக் குடிவந்தேன். கணவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அறுபத்தொரு வயது வீட்டுக்காரம்மா பூசையில் வேதாகமம் வாசித்தால் மாடியில் குடியிருப்பவளுக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம்.

அக்காவுக்குக் கண் தெரியாது. அது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் குரல் சத்தம் போடாமலே கடைசி பெஞ்சுவரைக்கும் வரும். ஆனால் குரலை மட்டும் நம்பி அவர் ஒரு நாளும் வாசித்ததில்லை. கண் தெரிந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை வாசகத்துக்குத் திங்கட்கிழமையே உட்கார்ந்துவிடுவார். முன்னால் ஓர் அதிகாரம், பின்னால் ஓர் அதிகாரம் சேர்த்துப் படிப்பார். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்த ஊரில், கோபமாகவா வருத்தமாகவா என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். பழைய மொழிபெயர்ப்பையும் புதிய மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். வாயில் நுழையாத ஒரு ராஜாவின் பேர் வந்துவிட்டால் குருமடத்தில் பாடம் நடத்துகிற சாமியார் ஒருவருக்கு போன் போடுவார். அந்த ராஜாவே செத்து எவ்வளவோ காலம் ஆச்சு, எப்படிச் சொன்னால் என்னம்மா என்று அவர் ஒரு தடவை சிரித்தாராம். "அவரு செத்துட்டாரு சாமி. கேக்குறவங்க உசுரோட இருக்காங்கள்ல," என்றாராம் அக்கா.

தயார் செய்யாத பகுதியை வாசிக்கவே மாட்டார். ஒரு கல்யாணப் பூசையில் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. பங்குச் சாமியார் அக்காவைப் பார்த்து ஏறச் சொல்லிக் கை காட்டினார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இத நான் இன்னும் படிக்கல சாமி," என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டாருக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷமாக வாசிக்கிறவருக்கு அரைப் பக்கம் வாசிக்க என்ன பிகு என்று மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை பேசிக்கொண்டார்கள். நானாக இருந்தால் வெட்கத்தில் ஏறி வாசித்திருப்பேன்.

இந்தக் கறார்தான் பின்னால் அவரையே கடித்தது. வாசகர் குழுவுக்கு அக்கா தலைவி. புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும், மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒப்பிக்கிறவர் என்றைக்காவது தன் சொந்தச் சரக்கைக் கலந்துவிடுவார் என்பது அவர் கட்சி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கடகடவென்று ஒப்பிப்பார். கேட்க நன்றாகவே இருக்குமாம். அக்கா அவரிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை பட்டியலிலிருந்து அவர் பேரை எடுத்துவிட்டார். அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு அக்காவோடு பேசுவதில்லை.

விஷயம் எனக்குத் தெரியவந்தது என் தம்பி கல்யாணப் பத்திரிகையால்தான். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, நிதானமாகப் பார்த்தார். "நல்லா அச்சடிச்சிருக்காங்க தங்கச்சி. பொண்ணு எந்த ஊரு?" என்றார். பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பெண்ணின் ஊர் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பதும் அவருக்குக் கேட்டுவிட்டது.

"தலகீழா இருக்கா?"

"ஆமாங்க அக்கா."

கண்ணில் பிரஷராம். நரம்பு காய்ந்துகொண்டே வருகிறதாம். தஞ்சாவூரில் டாக்டர் பார்த்துவிட்டு, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று சொல்லியிருந்தார். ஆள் அசைவது தெரியும், வெளிச்சம் தெரியும், எழுத்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்று மாதமும் பழைய நினைவில் இருந்ததை வைத்து ஓட்டியிருக்கிறார். இனி அது போதாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"எனக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுறீங்களா?" என்றார். அந்தக் குரலில் அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நான் எப்படிக்கா? எனக்கு உங்க சாமி பத்தி என்ன தெரியும்?"

"தமிழ்தானே தங்கச்சி. கூட்டாம குறைக்காம வாசிங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அலுவலகம் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு கீழே போவேன். கோயிலில் இருக்கும் வாசகப் புத்தகத்தின் அதே அச்சு அவரிடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடித்த புத்தகம், வாரநாட்களுக்கு இன்னொன்று. நான் ஒரு வரி வாசிப்பேன், அவர் திருப்பிச் சொல்வார். எந்த வரியில் பக்கம் முடிகிறது, எந்தச் சொல்லில் கையைத் தூக்கித் தாளைப் புரட்ட வேண்டும் என்பதைக்கூட எண்ணி வைத்துக்கொள்வார். வாசிக்கும்போது ஆள்காட்டி விரலை வரியின்மேல் நகர்த்திக்கொண்டு போவது எப்படி என்று ஒத்திகை பார்ப்பார். விரல் கொஞ்சம் கோணினால் நான் பிடித்து நேராக்குவேன். வேதத்தில் இம்மி பிசகக் கூடாது என்கிறவர் பார்ப்பதுபோல் நடிப்பதற்கு இப்படிப் பாடுபடுவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

சொல்லிவிடுங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன்.

"சொன்னா பாவம்னு இரக்கப்படுவாங்க. பரவால்லம்மா, ஒப்பிங்கன்னுவாங்க. அந்தப் பெரியவர எறக்கிவிட்டுட்டு நான் மட்டும் ஒப்பிக்கலாமா?"

"இப்ப மட்டும் என்ன செய்றீங்க?"

அக்கா ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். பாவசங்கீர்த்தனத்திலாவது சாமியாரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கையிலிருந்த ஜெபமாலையை மடியில் வைத்துவிட்டு, "அங்க போய் நிக்கவே பயமா இருக்கு தங்கச்சி," என்றார். "சொன்னா நிறுத்தணும். நிறுத்துனா எனக்கு வேற என்ன இருக்கு?" அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பீடத்துக்கு இரண்டு படி. பளிங்குக்கல். என் பயமெல்லாம் முதலில் அந்தப் படியில்தான் இருந்தது. திருவிழா நேரத்தில் பூந்தொட்டியைக் கொண்டுவந்து படியில் வைத்துவிடுவார்கள். மைக் வயரை யாராவது குறுக்கே இழுத்துவிட்டிருப்பார்கள். பூசைக்கு முன்னால் நான் ஒரு தடவை முன்னே போய், பீடத்தைக் கும்பிடுகிற மாதிரி பாவனை செய்து, தடங்கல் இருந்தால் காலால் தள்ளிவிட்டு வருவேன். மாடி வீட்டுப் பெண் எவ்வளவு பக்தியாக இருக்கிறாள், சீக்கிரம் ஞானஸ்நானம் வாங்கிவிடுவாள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட, கண்டுபிடித்துவிட்டார்களோ என்று பார்வையைத் தாழ்த்திக்கொள்வேன்.

கார்த்திகை மாதம், ஒரு வாரநாள் காலை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிப் பூசைக்கு இருபது பேர்தான் இருந்தோம். அக்கா ஏறி வாசிக்க ஆரம்பித்து நாலு வரி போயிருக்கும். கரண்ட் போய்விட்டது. வெளியிலும் மழை இருட்டு. பீடத்து மெழுகுவத்தி இரண்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மைக் செத்துவிட்டது. யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள்.

அக்கா நிறுத்தவில்லை. அதே நிதானத்தில், நிறுத்தற்குறிக்கு நின்று, மூச்சு விட்டு, வாசித்துக்கொண்டே போனார். முன் பெஞ்சில் யாரோ திரும்பிப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தது மங்கலாகத் தெரிந்தது. நிறுத்தட்டும் என்று இருமினேன். இன்னும் பலமாக இருமினேன். அவருக்கு அது இருமல் என்றுதான் பட்டிருக்கும். பக்கம் புரட்டுகிற சத்தம் இருட்டில் தெளிவாகக் கேட்டது. வாசகம் முடிந்து, எல்லாரும் பதில் சொல்லி, அவர் இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் விளக்கு எரிந்தது.

பூசை முடிந்து வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இருட்டுலயும் நிறுத்தலியே அக்கா! அம்புட்டும் மனசுல இருக்கா?" அக்காவின் கை என் முழங்கையை இறுக்கியது. "மெழுகுவத்தி வெளிச்சம் போதுமா இருந்துச்சு," என்றார். ஊருக்கு முன்னால் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.

ஆட்டோவில் ஏறியபின் என் காதருகே கேட்டார்: "எப்ப தங்கச்சி கரண்ட் போச்சு?"

"நாலாவது வரியிலேயே போயிட்டுதுக்கா."

"எனக்குத் தெரியலியே. லைட்டு எரியிற மாதிரியேதான் இருந்துச்சு." ஆட்டோ தெரு திரும்பியதும், "இல்ல. எரியாத மாதிரியேதான் இருந்துச்சு. வெளிச்சமும் போயிடுச்சு போல," என்றார். மழைத் தண்ணீர் ஆட்டோவுக்குள் தெறித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. வீடு வரும்வரை என் கையை விடவில்லை. ஆபரேட்டராக இருந்து ஊரையே இணைத்துப் பேசவைத்த மனுஷி, அந்த ஆட்டோவில் என்னைத் தவிர யாருமில்லாதவர்போல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவருக்குக் கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

நான் செய்த காரியத்துக்கு அந்த ஆட்டோ நினைவுதான் காரணம். சாக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும். மாட்டுப் பொங்கல் அன்று காலை வாசிக்க வேண்டிய பகுதியை எடுத்தோம். கோயிலில் தூங்குகிற ஒரு சிறுபிள்ளையை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிடுகிற கதை. பிள்ளை, கூப்பிட்டது அங்கே இருக்கிற முதிய குரு என்று நினைத்து அவரிடம் ஓடுகிறது. அவர், நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார். மூன்றாவது தடவைதான் அவருக்குக் கூப்பிடுவது யார் என்று புரிகிறது. எனக்கே அந்தக் கதை பிடித்திருந்தது. குஷியாக வாசித்துக்கொண்டு போனவள், ஓர் இடத்தில் கண் நிலைகுத்தி நின்றுவிட்டேன். அந்தப் பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது, அவரால் பார்க்க முடியவில்லை என்று ஒரு வரி.

எதிரே அக்கா. கண்ணை என் பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குக் காத்திருக்கிறார். இதை இந்த முகத்துக்கு நேரே எப்படி வாசிப்பது? வாசித்தாலும், அன்றைக்குப் பீடத்தில் நின்று அவரே இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டால்? எல்லாருக்கும் தெரிந்துவிடுமே. எனக்கு இரக்கம் பாதி, பயம் பாதி. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அக்கா திருப்பிச் சொல்லவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"நடுவுல ஒரு வரி வருமே தங்கச்சி? அந்தப் பெரியவரப் பத்தி?"

"இல்லீங்க அக்கா."

"ஞாயித்துக்கிழமை புத்தகத்துலதான் அத எடுத்திருப்பாங்க. வாரநாள் வாசகத்துல இருக்கும்னு நெனச்சேன்."

பூசையில் வாசிக்கிற பகுதிகளில் இப்படிச் சில வரிகளை விட்டுத் தொகுப்பது வழக்கமாம். அது எனக்கு அப்போதுதான் தெரியும். நல்ல வழி கிடைத்தது என்று பிடித்துக்கொண்டேன்.

"இதுலயும் இல்லீங்க அக்கா. நல்லா பாத்துட்டேன்."

"அப்ப சரி. புத்தகத்துல இல்லாதத நாம சேக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, நான் வாசித்தபடியே மனதில் ஏற்றிக்கொண்டார்.

மாட்டுப் பொங்கல் அன்று விடியற்காலையில் போலகத்திலிருந்து அம்மா போன் செய்துவிட்டாள். மாடு குளிப்பாட்டியாயிற்று, நீ எப்போது வருகிறாய் என்று. பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறேன் என்றேன். பண்டிகை நாள், கோயிலில் கூட்டமில்லை. அக்கா இரண்டு படியும் ஏறினார். விரல் வரியில் ஓடியது. நான் விட்ட இடம் வந்தது, தடங்கலில்லாமல் போனது. அப்பாடா என்று இருந்தது. அவர் இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இனி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்றுதான் கணக்குப் போட்டேன்.

அன்றைக்கு இருந்தவர் புதிய பங்குச் சாமியார், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இளவயது. வாரநாளில் இரண்டு நிமிடம்தான் பிரசங்கம் செய்வார். எழுந்து நின்று, இப்போது நாம் கேட்ட வாசகத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா என்று ஆரம்பித்தார். அந்தப் பெரியவருக்குக் கண் பார்வை போய்விட்டது என்று அம்மா வாசித்தார்களே, கண் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குக் கூப்பிட்டது யார் என்று புரியவில்லை, பார்வை போன பெரியவருக்குத்தான் புரிந்தது என்றார். அவர் தம் அறையில் புத்தகத்தைப் பார்த்துத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார். காதில் விழாததையும் கேட்டதாகவே நினைத்துவிட்டார். மற்றவர்களும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் என் தோளோடு ஒட்டியிருந்த அவர் தோள் விலகியது.

பூசை முடிந்து எல்லாரும் போகும்வரை பெஞ்சிலேயே இருந்தார். பிறகு எழுந்து, "வாங்க," என்றார். என் கையைப் பிடிக்காமல், பெஞ்சுகளைத் தடவிக்கொண்டே முன்னால் போனார். படியேறிப் புத்தகத்தின்மேல் கையை வைத்தார். அது இன்னும் மூடாமல் கிடந்தது.

"நடுவுல அந்த வரி இருக்கா?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. காலியாக இருக்கும் கோயிலில் அது வெளியே வரவில்லை. "இருக்குங்க அக்கா."

"வாசிங்க."

வாசித்தேன். மைக் இல்லாமலே அது பெரிதாகக் கேட்டது.

"எனக்காக விட்டீங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு வலிக்குமேன்னு... பயமாவும் இருந்துச்சு."

"அந்த வரி இல்லேன்னா அவரு வெறும் தூக்கம் கலஞ்ச கிழவர் தங்கச்சி. கண்ணு போனவருக்குத்தான் யாரு கூப்புடுறான்னு தெரிஞ்சுது. சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரிஞ்ச கதை. இந்த ஒரு வருஷமா அந்த வரியத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அத வாசிக்கிற நாள் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க அத எடுத்துட்டீங்க." கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பொருள் தொலைந்துவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் அவர் காலில் விழப் போனேன். நான் குனிந்தது தெரிந்து, "அதெல்லாம் வேணாம்," என்றார்.

உடை மாற்றுகிற அறைக்குப் போய்ச் சாமியாரிடம் நின்றபடியே சொன்னார். "சாமி, எனக்குக் கண்ணு தெரியாது. வருஷமாச்சு. இன்னைக்கு ஒரு வரிய விட்டுட்டேன். பட்டியல்லேருந்து என் பேர எடுத்துடுங்க." சாமியாருக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கண் தெரியாமல் இவ்வளவு அழகாக வாசித்தீர்களா, அப்படியே தொடருங்கள், நான் அனுமதி தருகிறேன் என்றார். "சட்டம் நான் போட்டது சாமி," என்றார் அக்கா. என் பேரைச் சொல்லவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வரும்.

வெளியே வந்ததும், "பூசையில பத்தொம்பது பேர் இருந்தாங்க," என்றார். பதில் சொல்கிற குரல்களை வைத்து எண்ணியிருக்கிறார். ஒவ்வொருவர் பேரையும் சொன்னார். "கேட்டவங்களுக்கு வரிய கொண்டுபோய்க் குடுக்கணும். புத்தகத்த எடுத்துக்குங்க."

"இன்னைக்கேவாக்கா? ஊருக்குப் போவணுமே..."

"போயிட்டு வாங்க. நான் ஆட்டோல போறேன்."

எங்கே போவது. அம்மாவுக்கு போன் போட்டு வரமுடியாது என்றேன். அவள் திட்டியதைக் கேட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அக்கா அதையேதான் சொன்னார். "காலையில நான் வாசிச்சதுல ஒரு வரி விட்டுப்போச்சு. எனக்குக் கண்ணு தெரியாது. இவங்க வாசிப்பாங்க, கேட்டுக்கங்க." நான் வாசிப்பேன். பார்வை போன பெரியவரைப் பற்றிய வரியை, பார்வை போன அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டு வாசிப்பேன். முதல் வீட்டில் அந்தம்மா கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டு, பாதியில் விஷயம் புரிந்து அழுதுவிட்டாள். இரண்டாவது வீட்டில், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று சண்டைக்கு வந்தார்கள். நாலாவது வீட்டுக்கு எங்களுக்கு முன்னால் சேதி போய்விட்டது. நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அக்கா உட்காரவில்லை.

எட்டாவது வீடு அந்தத் தலைமையாசிரியர் வீடு. என்ன கேட்பாரோ, என்ன சொல்லிக் காட்டுவாரோ. அவர் கைத்தடியோடு வெளியே வந்து, நின்றபடியே முழுவதும் கேட்டார்.

"நாப்பது வருஷம் ஒப்பிச்சேன். ஒரு வரி விட்டதில்ல," என்றார்.

"தெரியும் சார். அதுக்கும் சேத்துத்தான் வந்தேன். என்ன மன்னிச்சுடுங்க."

அவர் கைத்தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டார். வீட்டுக்குள் போகவில்லை. ஆட்டோ தெரு திரும்பும்போது திரும்பிப் பார்த்தேன், அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

கடைசி வீடு காரைக்கால்மேட்டில். தினமும் பூசை பார்த்துவிட்டு மீன் ஏலத்துக்குப் போகிற ஓர் அம்மா. வெயில் ஏறிவிட்டது. படகெல்லாம் கரையில் கிடந்தது. அவள் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசிக்க, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டபடி கேட்டாள்.

"இந்த ஒத்த வரிக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க? அது இல்லாததே எனக்குத் தெரியலியே அக்கா."

"அதுதான் எனக்குப் பயம்," என்றார் அக்கா.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தோம். காலையிலிருந்து அப்போதுதான் எனக்குத் தொண்டை நனைந்தது. மணலில் ஆட்டோவுக்குத் திரும்பி நடக்கும்போது அக்கா, வேறு வழியில்லாமல், என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வீடும் ஆயிற்று, இனிமேல் என்னை மன்னித்துவிடுவார் என்று ஒரு தைரியம் வந்தது எனக்கு.

"எல்லா வீடும் முடிஞ்சுதுங்க அக்கா," என்றேன்.

அவர் நின்றார். என் முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பினார்.

"ஒரு வருஷமா தினம் வாசிச்சீங்க தங்கச்சி. இன்னும் எத்தன வீடு பாக்கின்னு உங்களுக்குத்தான் தெரியும்."

வேறு எதையும் விடவில்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குக்கர் விசில் அடித்த சாயங்காலங்கள், சிங்கப்பூர் போன் வரும் என்று அவசரமாக ஓட்டிய நாட்கள், தூக்கக் கலக்கத்தில் வரி தாவினேனா இல்லையா என்று சந்தேகப்பட்டும் திரும்பிப் பார்க்காமல் விட்ட பக்கங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அக்கா பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியவில்லை என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.